புள்ளிக்குப் பின்னால் போன பூஜ்யம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைத் தோழர்கள் கேட்டபோது, "ஏ.ஐ. பத்தி எழுது, அதுதான் இப்ப ஓடுது" என்றார்கள். ஏ.ஐ. உலகை ஆளுமா, நம் வேலையைப் பறிக்குமா என்றெல்லாம் எழுத எனக்கு வயதும் போதாது, அனுபவமும் போதாது. எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன விஷயம். ஒரு எண்ணை எப்படி எழுதிக் காட்டுவது? அந்த வேலையைச் செய்யும் புரோகிராமை ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டுக்கு எப்படி விளக்கிச் சொல்வது? எங்கள் மூன்றாமாண்டு புராஜெக்ட் இதுதான். ஆனால் இது ஆரம்பமானது லேபில் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில், 36 ரூபாயில்!

திண்ணைக்கு வந்த கணக்கு

எங்கள் ஊர் குண்டடம். பல்லடம் - தாராபுரம் ரோட்டில் போகிறவர்களுக்கு எங்கள் பைரவர் கோயிலும், சுற்றிலும் நிற்கும் காற்றாலைகளும் தெரிந்திருக்கும். மழையை நம்பிய பூமி. மழை ஏமாற்றினால் காலையில் கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள் கூட்டம் அதிகமாகிவிடும். என் அம்மாவும் அந்த வேனில்தான் போகிறார். ஒரு சின்ன ஜாப்வொர்க் யூனிட்டில் பேட்லாக் மிஷின். பீஸ் ரேட். டஜனுக்கு 18 ரூபாய், அதாவது பீஸுக்கு ஒன்றரை ரூபாய்.

தினமும் எத்தனை தைத்தார் என்பதை அங்கே ஒரு நோட்டில் எழுதுவார்கள். 42 டஜனும் 10 பீஸும் என்றால் 42.10 என்று எழுதுவது வழக்கம். நமக்கெல்லாம் இது புதிதல்ல. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவர் மூன்று பந்து, அல்லவா? அதே மாதிரி. அந்தப் புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் ஒரு பங்கு இல்லை, பன்னிரண்டில் ஒன்று.

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை அம்மா சம்பளக் கவரைக் கொண்டுவந்து திண்ணையில் உட்கார்ந்தார். கையில் தினசரி காலண்டர் தாள்கள் ஆறு. அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலில் அவர் தனியாகக் கணக்கு எழுதி வைப்பார். அம்மா ஐந்தாவதோடு நின்றவர். ஆனால் கணக்கில் புலி.

"ஏன் கண்ணு, 4,518 வரோணும். 4,482 தான் குடுத்திருக்காங்க. கேட்டா, நோட்டைப் போட்டோ புடிச்சு ஏ.ஐ.ல போட்டுட்டோம், அது தப்பாச் சொல்லாதுங்கறாங்க. நீ கம்ப்யூட்டர்தான படிக்கற, இதக் கொஞ்சம் பாரு சாமி."

தாள்களில் இருந்த எண்கள் இவை:

திங்கள் 42.10
செவ்வாய் 40.6
புதன் 43.11
வியாழன் 41.10
வெள்ளி 39.8
சனி 42.3

நான் அப்படியே கால்குலேட்டரில் கூட்டினேன். 249.01 வந்தது. அதை 18-ஆல் பெருக்கினால் 4482.18. கம்பெனி கொடுத்த தொகை! அம்மா சொன்ன வழியில் டஜன் தனி, பீஸ் தனி என்று கூட்டினேன். 247 டஜன், 48 பீஸ். 48 பீஸ் என்றால் நான்கு டஜன். ஆக மொத்தம் சரியாக 251 டஜன். 18-ஆல் பெருக்கினால் 4518. அம்மாவின் தொகை!

தப்பு எங்கே? நீங்களே நாள் நாளாகப் பாருங்கள். 40.6 என்பதைத் தசமமாக எடுத்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் லாபம். 0.6 டஜன் என்பது 7.2 பீஸ், தைத்ததோ 6. வெள்ளியும் சனியும் இப்படியே சிறு லாபம். ஆனால் 42.10 தசமத்தில் 42.1 ஆகிவிடுகிறது. 10 பீஸ் தைத்தவருக்கு 1.2 பீஸுக்குத்தான் கூலி. 43.11-இல் 11 பீஸ் போய் 1.32 பீஸ். லாபம் நஷ்டம் எல்லாம் கழித்தால் கிட்டத்தட்ட 24 பீஸ் காணாமல் போனது. நன்றாகத் தைத்து, அடுத்த டஜனை நெருங்கிய நாட்களில்தான் அடி விழுந்திருக்கிறது!

மிஷின் கூட்டலில் தப்பு செய்யவில்லை. 249.01 என்பது சரியான கூட்டல். எழுதியவர் ஒன்றை நினைத்து எழுதினார். படித்தது வேறொன்றாகப் படித்தது. இடையில் யாரும் "இந்தப் புள்ளி எதுக்குங்க?" என்று கேட்கவில்லை.

எண் வேறு, சட்டை வேறு

இந்த இடத்தில் ஒரு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல், சிவில், டெக்ஸ்டைல் தோழர்களுக்கும் இது பயன்படும்.

எண் என்பது ஆள். நாம் எழுதிக் காட்டும் வடிவம் அந்த ஆள் போட்டிருக்கும் சட்டை. ஆங்கிலத்தில் ஃபார்மட் என்கிறோமே, அதுதான். ஒரே ஆள் பல சட்டை போடலாம். பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நான்காயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு என்ற எண்ணை நாம் 12,34,567 என்று எழுதுகிறோம். அமெரிக்காவில் 1,234,567. ஜெர்மனியில் காற்புள்ளி இருக்கும் இடத்தில் புள்ளி வரும்: 1.234.567. நாம் புள்ளி வைக்கும் தசம இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள்.

திருப்பூருக்கு இது விளையாட்டில்லை. ஐரோப்பாவிலிருந்து வரும் ஆர்டர் தாளில் 1.250 என்று இருந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது பீஸாக இருக்கலாம். நம் நூல் எடையில் 1.250 என்றால் ஒன்றேகால் கிலோ. எழுத்துக்கு எழுத்து ஒரே சட்டை, உள்ளே இருக்கும் ஆள் வேறு!

மொழி ஒன்றாக இருந்தாலும் போதாது. யூனிகோட் அமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற தகவல் களஞ்சியத்தை நடத்துகிறது. எந்த நாட்டில், எந்த மொழியில் எண்ணையும் தேதியையும் பணத்தையும் எப்படி எழுத வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கிறது. நம் போனும் பிரவுசரும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அதில் இந்தியத் தமிழுக்கு 12,34,567 என்ற பிரிப்பு. மலேசியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் 1,234,567. ஆகவே "தமிழில் எழுதிக் கொடு" என்று சொன்னால் வேலை முடியாது. எந்த ஊர்த் தமிழ் என்றும் சொல்ல வேண்டும்.

"தமிழ் எண்களில் எழுது" என்றாலும் குழப்பம்தான். 42 என்பதை இட மதிப்பு முறையில் ௪௨ என்று எழுதலாம். பத்துக்குத் தனிக் குறி போடும் பழைய முறையில் ௪௰௨ என்று எழுதலாம். களஞ்சியத்தில் இரண்டுமே தனித்தனிப் பெயரில் இருக்கின்றன.

நம் பாட்டிமார் பேச்சில் இந்தக் குழப்பம் இல்லை பாருங்கள். "ஒண்ணேமுக்கா லிட்டரு", "அரைக்கால் படி" என்பார்கள். புள்ளியே கிடையாது. பின்னத்துக்கே பெயர் இருந்தது: கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை. எண்ணோடு அளவின் பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். எழுத்துக்கு வந்ததும் நாம்தான் சுருக்கிப் புள்ளி வைத்தோம்.

ஏஜென்ட் என்பவர் யார்?

நம் பக்கத்தில் ஏஜென்ட் என்றால் நூல் ஏஜென்ட், பையிங் ஏஜென்ட். நம் சார்பில் போய் வேலையை முடித்து வருகிறவர். ஏ.ஐ. ஏஜென்ட்டும் அப்படித்தான். சாதாரண ஏ.ஐ. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும். ஏஜென்ட்டிடம் "இந்த நோட்டைப் பார்த்துச் சம்பளப் பட்டியல் தயார் செய்" என்றால், வேலையைப் படிப்படியாகப் பிரித்து, தனக்குக் கொடுத்திருக்கும் டூல்களைக் கூப்பிட்டு முடிக்கப் பார்க்கும். டூல் என்பது நாம் எழுதிக் கொடுக்கும் சின்னப் புரோகிராம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஏ.ஐ. மாடல் அந்த டூலைத் தானே ஓட்டுவதில்லை. இந்தப் பெயருள்ள டூலை, இந்த விவரங்களோடு ஓட்டுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. அந்தச் சீட்டு ஜேசன் என்ற வடிவில் இருக்கும். வெளியே இருக்கும் புரோகிராம் அதை வாங்கி, டூலை ஓட்டி, விடையைத் திருப்பிக் கொடுக்கிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ இந்த வசதியை ஃபங்ஷன் காலிங் என்ற பெயரில் வெளியிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது முறையை வெளியிட்டது. ஒரே டூலைப் பல ஏ.ஐ.களும் பயன்படுத்த ஒரு பொதுவான பிளக் பாயிண்ட் மாதிரி.

எம்.சி.பி.யில் ஒரு டூலைப் பற்றி ஏ.ஐ.க்கு முக்கியமாகத் தெரிவிப்பவை மூன்று: அதன் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல். நாம் உள்ளே எழுதிய கோடு அதன் கண்ணில் படாது. எப்போது கூப்பிடுவது, எதைக் கொடுப்பது என்பதை இவற்றை வைத்துத்தான் அது முடிவு செய்யும்.

இதைப் புரிந்துகொண்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நமக்கெல்லாம் டாக்குமென்டேஷன் என்றால் என்ன? புராஜெக்ட் முடிந்ததும் சீனியர் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பெயரை மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைவாவுக்குக் கொண்டுபோவது. இங்கே அந்த விளக்கம்தான் மிஷினின் கைப்பிடி. கைப்பிடி தப்பாக இருந்தால் மிஷின் நல்லதாக இருந்தும் பயனில்லை.

நாங்கள் எழுதிய முதல் வாக்கியம்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எண்ணுக்குச் சட்டை போடும் டூல் ஒன்றை எழுதினோம். பணத்தை இந்திய முறையில் எழுதும். பீஸ் எண்ணிக்கையை டஜனாக எழுதும். கோடு எழுத ஒரு வாரம் ஆனது. விளக்கம் எழுத ஒரு நிமிஷம். அது இதுதான்: "எண்களை அழகாக மாற்றித் தரும்."

ஒரு ஏஜென்ட்டிடம் இணைத்து, அம்மாவின் ஆறு தாள்களையும், நாங்களே தயாரித்த சில பில்களையும் கொடுத்துப் பார்த்தோம். நடந்தவை வரிசையாக:

ஒன்று. அது 42.10 என்பதை ஓர் எண்ணாக அனுப்பியது. ஜேசனில் எண்ணாக வரும் 42.10-ஐப் படிக்கும் புரோகிராம் சாதாரணமாக 42.1 என்றே வைத்துக்கொள்ளும். எங்கள் டூலின் வாசலுக்கு வரும் முன்பே பூஜ்யம் போய்விட்டது. உள்ளே நாங்கள் எவ்வளவு கவனமாகக் கோடு எழுதியிருந்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இரண்டு. பில் எண் 001245-ஐயும் "அழகாக" மாற்றி 1,245 ஆக்கியது. பில் எண், போன் நம்பர், பின்கோடு எல்லாம் இலக்கத்தில் எழுதிய பெயர்கள். அவற்றைக் கூட்டவும் மாட்டோம், காற்புள்ளியும் போட மாட்டோம். எங்கள் விளக்கத்தில் அதைச் சொல்லவே இல்லை. அதன் மேல் என்ன தப்பு?

மூன்று. 4,518 என்று எழுதி வாங்கியதையே அடுத்த கூட்டலுக்குத் திரும்பக் கொடுத்தது. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்ஃப்ளோட் என்ற கட்டளை காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். 4,518 என்பதை 4 என்று படிக்கும். நாலாயிரம் ரூபாய் நாலு ரூபாய் ஆனது!

நான்கு. 1,54,900-ஐ 1.5 லட்சம் என்று சுருக்கியது. பேச்சுக்குச் சரி. பட்டியலில் போட்டால் 4,900 ரூபாய் மறைந்துபோகும்.

ஐந்து. 4518.50-ஐ முழு ரூபாயாக்கச் சொன்னோம். பைதானின் ரவுண்ட் கட்டளை 4518 என்றது. பாதியில் நிற்கும் எண்ணை அது பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். அதனால் 2.5 கொடுத்தால் 2 வரும், 3.5 கொடுத்தால் 4 வரும். ஆனால் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 2017-இன் 170-ஆம் பிரிவு, 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாகக் கூட்டு என்கிறது. அதன்படி 4519. இரண்டும் நியாயமான முறைகளே. எது என்று சொல்லாததுதான் குற்றம்.

ஸ்பெக் ஷீட்டும் சாம்பிளும்

கோபத்தில் "இந்த ஏ.ஐ. மக்கு" என்று நண்பன் சொன்னான். நான் என் வீட்டை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். அதனால் ரேஷன் கார்டு, பேங்க் பாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வரும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கும் நானே படித்துச் சொல்வேன். சில பாரங்களில் "தொகை" என்று மட்டும் போட்டிருக்கும். மாதத்துக்கா, வருஷத்துக்கா என்று இருக்காது. கவுன்டரில் கேட்டால் திட்டு விழும். அப்போது யூகித்துத்தான் எழுதுவோம். யூகம் தப்பானால் பாரம் திரும்பி வரும், ஒரு நாள் கூலி போகும். "எழுதினவன் ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தா என்ன?" என்று பாட்டி கேட்பார்.

ஏஜென்ட்டும் எங்கள் நிலைமையில்தான் இருக்கிறது. தாளில் இருப்பதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது. எழுதியவரைப் போய்க் கேட்கவும் முடியாது. ஆகவே யூகிக்கிறது. எங்களுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், நாங்கள் பயந்து யூகிப்போம். அது தைரியமாக யூகிக்கும்.

பனியன் தொழிலில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பையர் வெறுமனே "நல்ல டீ-சர்ட் தைத்துக் கொடு" என்று எழுதுவதில்லை. ஸ்பெக் ஷீட் வரும். மார்பளவு இவ்வளவு, நீளம் இவ்வளவு, இதில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம், துணி இத்தனை ஜி.எஸ்.எம். என்று இருக்கும். கூடவே அப்ரூவ் ஆன சாம்பிள் ஒன்றும் இருக்கும். ஷீட் புரியாதவர் சாம்பிளைப் பார்த்துக்கொள்ளலாம். டூலின் விளக்கத்தையும் அப்படியே எழுதினால் என்ன என்று தோன்றியது.

திருத்தி எழுதும்போது ஒரு பாடம் கிடைத்தது. டஜன் பற்றிய விளக்கம் எங்களை விடவே இல்லை. "42.10 என்று எழுத்தாக அனுப்பவும், எண்ணாக அனுப்பக்கூடாது, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வேண்டும், 6 பீஸ் என்றால் 06, 11-க்கு மேல் வரக்கூடாது..." என்று நீண்டுகொண்டே போனது. எங்கள் சார் படித்துப் பார்த்து, "இவ்வளவு விளக்கம் தேவைப்படுதுன்னா டூல் தப்பாயிருக்கு. புள்ளியையே தூக்கிப் போடுங்கப்பா" என்றார். டஜனுக்கு ஒரு கட்டம், பீஸுக்கு ஒரு கட்டம் என்று உள்ளீட்டை இரண்டாகப் பிரித்தோம். அரைப் பக்க விளக்கம் ஒரு வரியானது! விளக்கம் எழுத முடியாமல் திணறும் இடம்தான் டூலில் ஓட்டை இருக்கும் இடம். கோடு எழுதும் முன்பே விளக்கத்தை எழுதிப் பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் எழுதிய விளக்கத்தைச் சுருக்கித் தருகிறேன்.

என்ன செய்யும்: மனிதர் படிப்பதற்காக ஓர் எண்ணை எழுத்து வடிவில் தரும். எண்ணின் மதிப்பை மாற்றாது.

எப்போது கூப்பிட வேண்டும்: எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு, கடைசியில் ஒரே முறை. இதன் விடையை மறுபடி எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது.

எதற்குக் கூப்பிடக் கூடாது: பில் எண், போன் நம்பர், பின்கோடு, ஆர்டர் எண். இவற்றை வந்தபடியே எழுதவும்.

உள்ளீடு: பணம் என்றால் மொத்தப் பைசா, முழு எண்ணாக. துணி என்றால் டஜன், பீஸ் என்று இரண்டு முழு எண்கள். பீஸ் 0 முதல் 11 வரை.

நாடு: சொல்லாவிட்டால் இந்திய முறை.

முழு ரூபாயாக்குதல்: கேட்டால் மட்டும். 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் கூடும்.

சுருக்குதல்: லட்சம், கோடி என்று சுருக்காது.

சாம்பிள்: 451850 பைசா கொடுத்தால் ₹4,518.50 வரும். டஜன் 42, பீஸ் 10 கொடுத்தால் "42 டஜன் 10 பீஸ்" என்று வரும்.

தப்பான சாம்பிள்: டஜன் 42, பீஸ் 15 கொடுத்தால் விடை வராது. "பீஸ் 11-க்கு மேல் இருக்க முடியாது. நோட்டில் இருப்பது டஜன் கணக்கா, தசமமா என்று பயனரிடம் கேட்கவும்" என்ற செய்தி வரும்.

பணத்தை ஏன் பைசாவில் வாங்குகிறோம்? கம்ப்யூட்டர் இரண்டின் அடிப்படையில் எண்களை வைப்பதால் 0.1 போன்றவற்றைச் சரியாக வைக்க முடிவதில்லை. பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். முழு எண்ணில் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியில் உள்ள தப்பான சாம்பிளைக் கவனியுங்கள். "பிழை எண் 400" என்று மட்டும் திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் வேறொரு யூகத்தோடு மறுபடி வரும். என்ன தப்பு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் அது நின்று கேட்கிறது. தப்பைச் சொல்லும் செய்தியும் டாக்குமென்டேஷனில் சேர்த்திதான்.

உலகம் கொடுத்த விலை

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கும் தோழர்களுக்காக இரண்டு உண்மைச் சம்பவங்கள்.

கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டு எண்ணை 1000 என்று ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசம இடங்களுக்கு மேல் இருப்பதை ரவுண்ட் செய்யாமல் வெட்டிவிட்டார்கள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை இந்தக் கணக்கு நடக்கும். துளித் துளியாகக் கசிந்து 1983 நவம்பரில் குறியீடு சுமார் 524-க்கு வந்துவிட்டது. திருத்திக் கணக்கிட்டபோது அது சுமார் 1098! இருபத்திரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் மாயம்.

அடுத்தது நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கும்போது தொலைந்தது. பூமியிலிருந்த ஒரு புரோகிராம் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு கணக்கில் எழுதியது. அதை வாங்கிய புரோகிராம் நியூட்டன் கணக்கு என்று படித்தது. ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டன். இதில் வேதனை என்னவென்றால், நியூட்டன் கணக்கில்தான் தர வேண்டும் என்று அவர்களின் ஆவணத்தில் எழுதியே இருந்தது. எழுதினால் மட்டும் போதாது. எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

அதற்கும் நமக்கு வழி உண்டு. பைதானில் டாக்டெஸ்ட் என்ற வசதி இருக்கிறது. விளக்கத்தில் நாம் எழுதிய உதாரணங்களை அதுவே ஓட்டிப் பார்த்து, சொன்ன விடை வருகிறதா என்று சொல்லும். எங்கள் சாம்பிள்கள் அனைத்தையும் அப்படி ஓட்டினோம். முதல் தடவை இரண்டு சாம்பிள் தப்பு. டூல் சரியாக இருந்தது; நாங்கள் எழுதியதுதான் பிழை!

திண்ணையில் முடிந்த கணக்கு

அம்மா நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போனார். சூப்பர்வைசர் ஒரு பேப்பரில் தானே கூட்டிப் பார்த்து, 36 ரூபாயைக் கொடுத்துவிட்டார். இப்போது நோட்டில் டஜனுக்கும் பீஸுக்கும் தனித்தனிக் கோடு போட்டிருக்கிறார்களாம்.

ஆனால் அதற்கு முன் மூன்று வாரம் இதே முறையில்தான் சம்பளம் போட்டிருக்கிறார்கள். அந்த வாரத்துக் காலண்டர் தாள்கள் எங்களிடம் இல்லை. அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டன. எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே லைனில் உட்காரும் மற்ற அக்காமார் பலரும் தனியாகக் கணக்கு எழுதுகிறவர்கள் இல்லை. அவர்களுக்கு ஏதோ குறைந்தது என்றே தெரியாது. 36 ரூபாயைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

தோழர்களே! நாளை நாம் வேலைக்குப் போகும் இடங்களில் இப்படிப்பட்ட டூல்களை எழுதச் சொல்வார்கள். சம்பளப் பட்டியல், நூல் ஸ்டாக், பால் சொசைட்டிக் கணக்கு என்று ஏதோ ஒன்று. கோடு எழுத ஏ.ஐ.யே உதவும். ஆனால் இந்த ஊரில், இந்தத் தொழிலில், இந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்பது அந்த நோட்டில் எழுதுகிறவருக்குத்தான் தெரியும். அவரிடம் போய்க் கேட்டு, கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி வைக்கும் வேலை நம்முடையது. வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் ஒரே குறளில் சேர்த்து வைத்தார். எண் நமக்கு நன்றாகவே வருகிறது. எழுத்திலும் கொஞ்சம் கை பழகுவோம்.

அம்மா இப்போது காலண்டர் தாள்களைக் கிழித்து எறிவதில்லை. நூல் கோத்து, மஞ்சள் பையில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். 42.10 என்று எழுதுவதையும் விட்டுவிட்டார். "42 டசன், 10 பீசு" என்று முழுசாக எழுதுகிறார்.

அதைவிட நல்ல டாக்குமென்டேஷனை நான் இன்னும் எழுதவில்லை.

- கணினிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு